‘இந்த நிரலின் வெளியீடு என்ன?’ என்று கேட்பதால் யாருக்குப் பயன்?

கேள்வி, பிப்ரவரி 4

தொடக்க நிலைக் கணினி அறிவியலுக்கான பயிற்சி வினாக்களில் ஏறக்குறைய 200ஐ முடித்திருக்கிறேன். இரும எண், மாறி, லூப், பட்டியல், ரிகர்ஷன் என எல்லாப் பகுதிகளிலும் பத்துக்கு ஒன்பது விடைகள் சரியாக வருகின்றன. ஆனால் ‘ஒரு பட்டியலில் உள்ள இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதுக’ என்றால் வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியே வருவதில்லை. நான் செய்தவற்றில் பெரும்பாலானவை ‘இந்த நிரலின் வெளியீடு என்ன?’ என்ற வகை. அவற்றில் செலவிட்ட காலம் வீணா?

பிப்ரவரி 4, இரவு

பெரும்பகுதி வீண்தான். பல ஆண்டுகள் இத்தகைய வினாக்களைத் தயாரித்தவன் என்பதால் இதைக் குற்றவாளியின் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம். வினாத்தாளை ஒரே இரவில் நிரப்ப வேண்டியவருக்கு ‘வெளியீடு என்ன?’ போலக் கைகொடுப்பது வேறில்லை: நான்கு வரி நிரல், நான்கு விடைகள், திருத்த ஒரு நொடி. அந்த வசதிக்காக நான் செய்த அட்டூழியங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சி மொழித் தேர்வு ஒன்றில், அ என்ற மாறியின் மதிப்பு 5 ஆக இருக்கும்போது ‘அ = அ++ + ++அ’ என்ற வரிக்குப் பிறகு (++ என்பது மாறியின் மதிப்பில் ஒன்றைக் கூட்டும் குறி) அதன் மதிப்பு என்ன என்று கேட்டு, 12 என்பதைச் சரியான விடையாகக் குறித்திருந்தேன்; என் கணினியில் 12 வந்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. மறுநாள் மாணவி ஒருவர் தம் கம்பைலரில், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளில், வேறோர் எண் வருவதைக் காட்டினார். ஒரே கோவைக்குள் ஒரு மாறியை இப்படி இரண்டு முறை மாற்றினால் என்ன நேரும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவே இல்லை. எந்த எண் வந்தாலும் கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. ஜாவாவில் இடமிருந்து வலமாகக் கணக்கிட வேண்டும் என்ற விதி இருப்பதால் இதே வரி எப்போதும் 12ஐத்தான் தரும். நான் கேட்டதோ சி மொழித் தாளில்.

எதிர்மறை எண்களின் வகுத்தலும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. -7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் -3 வரும் என்று மனப்பாடம் செய்துவிட்டதால் ஒருவருக்கு நிரல் எழுத வந்துவிடாது.

நீங்கள் கேட்ட நிரலுக்கு வழி எளியது. இதுவரை கண்டதில் பெரியது ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று என இரண்டு மாறிகளை வைத்துக்கொண்டு பட்டியலை ஒரே முறை கடந்தால் போதும்:

பெரியது = 0
அடுத்தது = 0
பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும்:
    எண் > பெரியது எனில்:
        அடுத்தது = பெரியது
        பெரியது = எண்
அடுத்தது என்பதை அச்சிடு

4, 6, 9 என்ற பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன், 6 வந்தது. இப்படிப் பத்து நிரல்களை எழுதினால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிப்ரவரி 5, காலை

வகுத்தல் பற்றி நான் எழுதியது அரைகுறை. -7ஐ 2ஆல் வகுத்தால் -3 என்பது சி, ஜாவா போன்ற மொழிகளின் விடை. அவை பின்னத்தை வெட்டிவிட்டுச் சுழியத்தை நோக்கி நகர்கின்றன. பைத்தானில் அதே முழு எண் வகுத்தல் -4ஐத் தரும். அது எப்போதும் கீழ்நோக்கி இறங்குகிறது. மீதியும் அதற்கேற்ப மாறும்: முன்னதில் -1, பின்னதில் 1. ஈவை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை இரண்டும் காப்பாற்றுகின்றன (-3 × 2 - 1 என்பதும் -7, -4 × 2 + 1 என்பதும் -7). சி மொழியிலேயே 1999ஆம் ஆண்டுத் தரநிலைக்கு முன்பு எந்தப் பக்கம் நகர்வது என்பது கம்பைலரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘2ஆல் வகுத்து மீதி 1 வந்தால் ஒற்றை எண்’ என்று சோதிக்கும் நிரல் சி மொழியில் -7ஐ ஒற்றை எண் அல்ல என்று சொல்லிவிடும். ஆகவே நேற்று மனப்பாடம் என்று நான் ஒதுக்கித் தள்ளிய செய்தி, உண்மையான பிழை ஒன்றைத் தவிர்க்கும் செய்தியாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 5, மதியம்

நேற்று நான் எழுதிய நிரலுக்கு 9, 4, 6 என்ற பட்டியலைக் கொடுத்துப் பார்க்குமாறு ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுத்துப் பார்த்தேன். 0 வந்தது. இரண்டாவது பெரிய எண்ணைத் தேடப் போய்ப் பட்டியலிலேயே இல்லாத எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

இரண்டு நாள் யோசித்த பிறகு என் முதல் குறிப்பின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் நிரலை நானே ஒரு தாளில் டிரை ரன் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்கலாம். ஒவ்வோர் எண் வரும்போதும் இரு மாறிகளின் மதிப்பை ஒரு வரியில் எழுத வேண்டும், அவ்வளவுதான்:

தொடக்கம்: பெரியது 0, அடுத்தது 0
9 வருகிறது: பெரியது 9, அடுத்தது 0
4 வருகிறது: பெரியது 9, அடுத்தது 0
6 வருகிறது: பெரியது 9, அடுத்தது 0

மூன்றாவது வரியிலேயே பிழை தெரிகிறது. 4 வந்தபோது ‘அடுத்தது’ அசைந்திருக்க வேண்டும், அசையவில்லை. ஏனெனில் பெரியதை வெல்லாத எண்ணுக்கு நான் கதவே வைக்கவில்லை. ‘இல்லையெனில், எண் > அடுத்தது எனில், அடுத்தது = எண்’ என்ற கிளை விடுபட்டிருக்கிறது. 4, 6, 9 என்ற பட்டியலில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதை வெல்வதால் அந்தக் கிளை தேவைப்படவே இல்லை; ஏறுவரிசையில் உள்ள பட்டியலைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்ததால் பிழை தப்பிவிட்டது.

இந்தத் தாள் வேலை ‘வெளியீடு என்ன?’ என்ற வினா கேட்கும் அதே வேலைதான் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. எழுதுபவர் தம் நிரலைத் தாமே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் எழுதியது ஓடினாலும் ஏன் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. 2004இல் ரேமண்ட் லிஸ்டரும் அவருடன் பல நாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து தொடக்க நிலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், சிறு நிரல்களைத் தடம் பற்றி வாசிப்பதிலேயே பலர் தடுமாறுவது வெளிப்பட்டது. மாணவர்களுக்கு எழுத வராததற்குச் சிக்கல் தீர்க்கும் திறன் இல்லாததே காரணம் என்று அதுவரை பழி போட்டுவந்த என்னைப் போன்றவர்களுக்கு அது சற்றுச் சங்கடமான செய்தி.

ஆனால் உங்கள் நிலை வேறு. உங்களுக்கு வாசிக்க வருகிறது, அல்லது வருவதாகத் தெரிகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 8

பிறகு எழுதுவதாகச் சொன்னதற்கு முன் இன்னொன்று. விடுபட்ட கிளையைச் சேர்த்த பிறகும் என் நிரல் முடியவில்லை.

7, 7, 5 என்ற பட்டியலில் இரண்டாவது பெரிய எண் எது? வரிசையில் இரண்டாவதாக நிற்பது என்று பொருள்கொண்டால் 7. வெவ்வேறு மதிப்புகளில் இரண்டாவது என்று பொருள்கொண்டால் 5. திருத்திய நிரல் 7 என்கிறது. 5 வேண்டுமென்றால் அந்தப் புதிய கிளையில் ‘எண் < பெரியது’ என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் ஒரே ஓர் எண் இருந்தால் அச்சிட எதுவும் இல்லை, ஆனாலும் நிரல் தயங்காமல் 0 என்று அச்சிடும். எல்லா எண்களும் எதிர்மறையாக இருந்தாலும் 0தான், ஏனெனில் தொடக்கத்தில் நான் வைத்த சுழியத்தை அவற்றில் எதுவும் வெல்லாது. சுழியம் என்பது வெற்றிடம் அன்று, அதுவும் ஓர் எண் என்பதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவசரத்தில் கை அதையே எழுதுகிறது.

வினாவே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத வினாவைக் கண்டால் முதலில் அந்த இடைவெளிகளை எழுதிவைப்பதே விடையின் முதல் பகுதி என்று இப்போது நினைக்கிறேன். வெற்றுத் திரையின் முன் முதல் வரி வரவில்லை என்றீர்கள். நிரலின் முதல் வரிக்கு முன்பே எழுத வேண்டியவை இவை.

பிப்ரவரி 11

தவறான விடைகளைப் பற்றி. சரியான விடையிலிருந்து ஆசிரியருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. தவறான விடைதான் வாய்திறந்து பேசுகிறது. ஓர் எடுத்துக்காட்டு:

மொத்தம் = 0
எ = 1
எ < 5 ஆக உள்ளவரை:
    மொத்தம் = மொத்தம் + எ
    எ = எ + 1
மொத்தம் என்பதை அச்சிடு

விடை 10. இதற்கு 15 என்று எழுதியவர் 5ஐயும் சேர்த்துவிட்டார். ‘குறைவு’ என்பதைக் ‘குறைவு அல்லது சமம்’ என்று வாசித்திருக்கிறார். 4 என்று எழுதியவருக்கு, ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் பழையதை மறந்து புதிய எண்ணை மட்டும் ஏற்கிறது. 5 என்று எழுதியவர் லூப் முடிந்தபோது எ எங்கே நின்றது என்பதைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார், ஆனால் கேட்டது வேறு மாறியை. ‘1 3 6 10’ என்று நான்கு எண்களை எழுதியவருக்குக் கணக்கு முழுவதும் சரி. அச்சிடும் வரி லூப்பின் உள்ளே இருப்பதாக எண்ணிக்கொண்டார். இந்த நால்வருக்கும் ஒரே மதிப்பெண், அதாவது சுழியம், கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் நான் செய்துவந்தது.

ஒரு மாணவர் 6 என்று எழுதினார். அது எப்படி வந்தது என்று எனக்கு நெடுநேரம் புரியவில்லை, அழைத்துக் கேட்டேன். “5க்குக் குறைவு என்றால் 4. லூப் ஒன்று முன்னதாகவே நின்றுவிடும் என்று நீங்கள் சொன்னீர்கள், ஆகவே 3 வரை” என்றார். என் எச்சரிக்கையை மிகுந்த நேர்மையுடன் இரண்டு முறை கடைப்பிடித்திருக்கிறார். அதன்பின் ‘ஒன்று முன்னதாக நின்றுவிடும்’ என்ற சொற்றொடரை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை.

இப்போது என் பழைய தாளை எடுத்துப் பார்க்கிறேன். இதே வினாவுக்கு நான் கொடுத்திருந்த தெரிவுகள் 9, 10, 11, 12. மேலே சொன்ன எந்தத் தவறான எண்ணத்திலிருந்தும் 9 வராது, 12உம் வராது. 15 என்று கணக்கிட்டவர் தம் விடை பட்டியலில் இல்லாததைக் கண்டு, தவறு எங்கே என்று தெரியாமலேயே 10க்கு மாறியிருப்பார். பத்துக்கு ஒன்பது சரி என்று நீங்கள் சொன்னதில் இதற்கு எவ்வளவு பங்கு என்று சோதிக்க வேண்டும்: தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு 20 வினாக்களை மீண்டும் செய்துபாருங்கள்.

பிப்ரவரி 12

சிறு குறிப்பு. 11ஆம் வினா முதல் 20ஆம் வினா வரை செய்யச் சொன்னால் எத்தனை வினாக்கள்? 9 என்று சொல்பவர்கள் பத்து வினாக்களைச் செய்துவிட்டு, தாராளமாக ஒன்றைக் கூடுதலாகச் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 13

டிரை ரன்னைப் பற்றி 7ஆம் தேதி நான் எழுதியதில் உற்சாகம் கொஞ்சம் அதிகம். தாளில் எழுதும் எண்ணுக்கு உச்சவரம்பு இல்லை, கணினியில் உண்டு. தொடக்கப் பாடங்களில் எல்லாரும் செய்யும் இருமத் தேடலையே எடுத்துக்கொள்ளலாம். வரிசைப்படுத்திய 1000 எண்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் 10 நடு இடங்களைப் பார்த்தால் போதும், 10 லட்சத்துக்கு 20 போதும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுகிறது. நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி 2ஆல் வகுக்கிறோம். தாளில் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இதில் பிழை தெரியாது. ஆனால் எதிர்மறை எண்களுக்கும் இடம் வைக்கும் 32 இலக்க இரும எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. பட்டியல் மிக நீளமாக இருந்து, கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஜாவாவில் அது எதிர்மறை எண்ணாகிவிடும், நடு இடம் பட்டியலுக்கு வெளியே போய்விடும். ஜாவாவின் நிலையான நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்ததை அந்தத் தேடலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் வெளிப்படையாக எழுதினார். கீழெல்லையுடன் இடைவெளியின் பாதியைக் கூட்டுவது அதற்குத் தீர்வு.

0.1 + 0.2 என்ற வினாவும் இந்த வகைதான். வெளியீடு 0.30000000000000004 என்பதைக் கண்கட்டு வித்தை போலக் காட்டி மாணவர்களை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது; முன்பு மிரட்டியிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் 0.333 என்று முடிவில்லாமல் எழுத வேண்டியிருப்பதைப் போலப் பத்தில் ஒரு பங்கு இருமத்தில் முடிவதில்லை, எங்காவது வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தின் தழும்புதான் அந்தக் கடைசி 4. பின்ன எண்களைக் கணினியில் வைப்பதற்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையைப் பின்பற்றும் மொழிகள் அனைத்திலும் 64 இரும இலக்கக் கணக்கில் மதிப்பு இதுவே. சில மொழிகள் அச்சிடும்போது சுருக்கி 0.3 என்று காட்டுவதால் தெரிவதில்லை. ‘வெளியீடு என்ன?’ என்பதைவிட ‘இரண்டு பின்ன எண்களைச் சமமா என்று நேரடியாக ஒப்பிடும் நிரலில் என்ன ஆபத்து?’ என்று கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 14

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் நிரல் தரும் விடை 3 தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பைத்தான் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் தனி எண் உண்டு, அந்த எண்களைத்தான் அது எண்ணுகிறது. அவை ஒவ்வொன்றும், எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளைப் பிடிப்பதால், கோப்பில் எழுதினால் நீளம் 15. வாசிப்பவருக்கு 3, பைத்தானுக்கு 5, கோப்புக்கு 15. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாத வினாவுக்கு மூன்றுமே சரியான விடைகள். 8ஆம் தேதி எழுதிய 7, 7, 5 நினைவுக்கு வருகிறது.

பிப்ரவரி 18

வாக்களித்ததை இப்போது எழுதுகிறேன். வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே பல படிகள் உள்ளன; பயிற்சி வினாக்களின் தொகுப்புகள் பெரும்பாலும் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் வைத்திருப்பதால் நீங்கள் நடுவில் விழுந்திருக்கிறீர்கள்.

நடுப்படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வரிகளைக் குலைத்துக் கொடுக்கும் வினா. டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பார்சன்ஸ் புதிர் என்றே அறியப்படுகிறது. நிரலின் எல்லா வரிகளும் இருக்கும், வரிசை மட்டும் மாறியிருக்கும். சரியாக அடுக்க வேண்டும். இலக்கணம் பற்றிய கவலையின்றி எது எதற்கு முன் வர வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கலாம். இரண்டாவது பெரிய எண்ணுக்கான நிரலில் ‘அடுத்தது = பெரியது’, ‘பெரியது = எண்’ என்ற இரு வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். 4, 6, 9க்கு 9 வரும்: பழைய பெரியதைப் பத்திரப்படுத்தும் முன்பே அதன் மேல் புதியதை எழுதிவிட்டோம். சமக்குறியைச் சமன்பாடாக வாசிப்பவருக்கு இந்த இரு வரிகளின் வரிசை பொருட்டே அன்று. அதைக் கட்டளையாக வாசிப்பவருக்குத்தான் வேறுபாடு கண்ணில் படும்.

இன்னொரு படி, ஏற்கெனவே விடை தெரிந்த நிரலில் வினாவை மட்டும் மாற்றுவது. ஃபிபனாச்சி எண்ணை (முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்தது) ரிகர்ஷன் மூலம், அதாவது தன்னையே மீண்டும் அழைத்து, கணக்கிடும் ஃபங்ஷனில் 5ஐக் கொடுத்தால் என்ன வரும் என்ற வினாவை நீங்கள் கட்டாயம் செய்திருப்பீர்கள். ஃபங்ஷனை வாசிக்காமலேயே 0, 1, 1, 2, 3, 5 என்று எண்ணி விடை சொல்லிவிடலாம். அந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. 0க்கும் 1க்கும் நேரடி விடை தரும் வடிவத்தில், முதல் அழைப்பையும் சேர்த்து 15 முறை. கிளைப்படம் வரைந்து எண்ணிப்பாருங்கள். 30ஐக் கொடுத்தால் 26,92,537 முறை. கண்டுபிடித்த விடைகளை ஒரு பட்டியலில் குறித்துவைத்து மீண்டும் பயன்படுத்தும்படி அந்த ஃபங்ஷனை மாற்றுக என்பது அடுத்த வினா. அங்கே நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டீர்கள், வெற்றுத் திரையில் அன்று, பாதி நிரம்பிய திரையில்.

பிப்ரவரி 19

மேலே உள்ள 15ஐச் சரிபார்க்க ஒருவர் கேட்டார். 5 அழைப்பது 4ஐயும் 3ஐயும். 4க்கு 9 அழைப்புகள், 3க்கு 5, 5க்கான தன் அழைப்பு 1. சரிதான். முதல் முறை நானும் அதை விட்டுவிட்டு 14 என்றுதான் எண்ணியிருந்தேன். ஒரே வாரத்தில் எனக்கே அந்த 11ஆம் வினா வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 26

கேள்வி கேட்டவர் தம் நிரலை அனுப்பியிருக்கிறார். சுழியத்தில் தொடங்காமல், பட்டியலின் முதல் எண்ணைப் ‘பெரியது’ என்றும் இரண்டாம் எண்ணை ‘அடுத்தது’ என்றும் வைத்துக்கொண்டு மூன்றாம் எண்ணிலிருந்து லூப்பைத் தொடங்கியிருக்கிறார். எதிர்மறை எண்களின் சிக்கல் இதனால் தீர்ந்துவிடுகிறது. 3, 8, 1 என்ற பட்டியலைத் தாளில் போட்டுப் பார்த்தபோது, லூப்புக்குள் நுழையும் முன்பே பெரியது 3, அடுத்தது 8 என்று நிற்பதைத் தாமே கண்டுபிடித்ததாகவும், தெரிவுகளை மறைத்துச் செய்த 20 வினாக்களில் 13 மட்டுமே சரியாக வந்ததாகவும் எழுதியிருக்கிறார். லூப்புக்கு முன் அவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தேவையானால் இடம் மாற்றும் மூன்று வரிகளைச் சேர்த்திருக்கிறார். நான் அதை இன்னும் கணினியில் ஓட்டவில்லை. தாளில் 9, 4, 6க்கும் 7, 7, 5க்கும் போட்டுப் பார்த்தேன். 6, 7 என்று வருகிறது, 7, 7, 5க்கு 7தான் தாம் எதிர்பார்த்தது என்று நிரலின் தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்.